மாத்திரை போதைக்கு எதிரான சுவரொட்டி: வாசகம் எப்படி இருக்க வேண்டும்?

கீழவாசல் | வெள்ளி, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டமும் ஊர்க் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் சேர்ந்து ஒரு வேலையில் இறங்கியிருக்கிறோம். வலி மாத்திரை, தூக்க மாத்திரை, நரம்பு வலிக்குக் கொடுக்கும் மாத்திரை, இவற்றைப் போதைக்காகப் போடும் பழக்கம் எங்கள் பக்கம் நுழைந்துவிட்டது. கஞ்சாவுக்கும் சாராயத்துக்கும் எதிராகச் சுவர் சுவராக எழுதி வைத்திருக்கிறார்கள். டாக்டர் சீட்டுக்கு வாங்க வேண்டிய மாத்திரையைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால் சுவரொட்டியும் வாட்ஸ்அப் அட்டையும் நாங்களே போடலாம் என்று முடிவு செய்தோம்.

மாணவர்கள் எழுதிய வரைவுகள் நான்கு.

ஒன்று: மண்டை ஓட்டுப் படம். "இன்று மாத்திரை, நாளை மரணம்."

இரண்டு: சிரிஞ்ச், மாத்திரை அட்டைகளின் புகைப்படம். கீழே ஏழெட்டு மாத்திரைகளின் பெயர். "இவற்றைத் தொடாதே."

மூன்று: "நம் மாவட்டத்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகச் சீரழிகிறார்கள். நீயுமா?"

நான்கு: "பெற்றோரே, விழித்துக்கொள்ளுங்கள்!"

கல்லூரியில் ஒரு பேராசிரியர் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எந்த நடத்தை மாற்றக் கோட்பாட்டின்படி எழுதியது?" என்று கேட்டார். மாணவர்கள் விழித்தார்கள். துறை தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அச்சுக்குப் போகும் முன் தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

மருந்துக்கடை மலர் | வெள்ளி, இரவு 9:48

தம்பி, இரண்டாவதை மட்டும் தயவுசெய்து அச்சடிக்காதீர்கள். திருச்சிப் பக்கம் இருபது வருடத்துக்கும் மேலாகக் கவுண்டரில் நிற்கிறவள் சொல்கிறேன். ஏதாவது ஒரு மாத்திரையின் பெயரோடு "போலீஸ் பறிமுதல்" என்று செய்தி வந்த வாரத்தில், அதே பெயரைக் கேட்டு இதுவரை பார்த்திராத முகங்கள் கடைக்கு வரும். செய்தித்தாளைப் போட்டோ எடுத்து போனில் காட்டிக் கேட்டவர்களும் உண்டு. நீங்கள் போடும் பட்டியல், தெரியாதவனுக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியலாகிவிடும். சிரிஞ்ச் படம் அதைவிட மோசம். மாத்திரையை அப்படியும் எடுக்கலாம் என்பதே பல பையன்களுக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்து நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஷெட்யூல் எச் ஒன் என்று ஒரு பட்டியல் 2014 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. அதில் உள்ள மருந்தை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும், மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். டிரமடால் என்ற வலி மாத்திரை 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு நாலு பையன்கள் வந்து நின்று, "அக்கா, பாட்டிக்கு முதுகு வலி, சீட்டு வீட்ல இருக்கு, ஒரு அட்டை குடுங்க" என்று கேட்கும்போது கடையில் நிற்கிற பொண்ணு என்ன பதில் சொல்வாள்? அவள் சொல்லக்கூடிய ஒரு வாசகத்தை முடிந்தால் ஒரு அட்டையாகப் போட்டுக் கொடுங்கள். கவுண்டரில் ஒட்டிவைக்கிறேன்.

அலைவரிசை | சனி, காலை 7:25

கீழவாசல், நான் ஒஹாயோவில் பொதுச் சுகாதாரத் தகவல் வேலையில் இருக்கிறேன். வலி மாத்திரை ஒரு மாநிலத்தை என்ன பாடு படுத்தும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் வரைவுகள் நான்கும் செய்வது ஒரே வேலைதான். ஆபத்து பெரிது, பயப்படு என்கின்றன. பயந்த பிறகு ஆள் என்ன செய்ய வேண்டும் என்பது நான்கிலும் இல்லை.

1965இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவெந்தாலும் உடன் இருந்தவர்களும் டெட்டனஸ் தடுப்பூசியை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சில மாணவர்களுக்கு மிகவும் பயமுறுத்தும் கையேடு, சிலருக்கு மிதமானது. அதிகம் பயந்தவர்கள் "ஊசி முக்கியம்" என்று அழுத்தமாகச் சொன்னார்கள். ஆனால் போய் ஊசி போட்டுக்கொண்டதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாட்டை உண்டாக்கியது வேறு ஒன்று. சிலருக்கு மட்டும் சுகாதார மையத்தின் வரைபடம், ஊசி போடும் நேரம், "உங்கள் வாரத்தில் எந்த வேளையில் போவீர்கள் என்று திட்டமிடுங்கள்" என்ற குறிப்பு ஆகியவற்றைக் கொடுத்திருந்தார்கள். அவர்களில் 28% பேர் போனார்கள். குறிப்பு கிடைக்காதவர்களில் போனது 3%. மையம் எங்கே என்பது அந்த மாணவர்களுக்கு முன்பே தெரியும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தகவல் தொடர்பு ஆய்வாளர் கிம் விட்டே 1992இல் இதையெல்லாம் தொகுத்து ஒரு விளக்க மாதிரியைக் கொடுத்தார். பயமுறுத்தும் செய்தியைப் பார்ப்பவர் மனதில் இரண்டு கேள்விகள் எழும் என்றார். இது எனக்கு வருமா, வந்தால் பெரிதா என்பது முதல் கேள்வி. இதற்கு எதிராக ஏதாவது செய்ய முடியுமா, அதை என்னால் செய்ய முடியுமா என்பது இரண்டாவது. இரண்டாவதற்கு "முடியும்" என்ற பதில் கிடைத்தால் ஆள் ஆபத்தைக் கையாளப் போகிறார். கிடைக்காவிட்டால் தன் பயத்தைக் கையாளப் போகிறார்: முகத்தைத் திருப்பிக்கொள்வார், "சும்மா மிரட்டுகிறார்கள்" என்பார், சொன்னவரையே வெறுப்பார். "நாளை மரணம்" என்ற வரியை நேற்று மாத்திரை போட்டுவிட்டு இன்று கிரிக்கெட் ஆடும் பையன் படித்தால், அவனுக்குப் பக்கத்தில் ஆறு நண்பர்கள் உயிரோடு நிற்கிறார்கள். அந்த நிமிடமே சுவரொட்டி அவனுக்குப் பொய்யாகிவிடும். அடுத்து நீங்கள் உண்மை சொன்னாலும் கேட்கமாட்டான்.

மருந்து மாத்திரைக்கே உரிய சிக்கல் இன்னொன்று. நலநம்பிக்கை மாதிரி என்பது 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையில் பிறந்தது. காசநோய்க்கு இலவச எக்ஸ்ரே எடுத்தும் மக்கள் ஏன் வரவில்லை என்ற கேள்வியிலிருந்து வந்தது அது. எனக்கு வரக்கூடும் என்ற எண்ணம், வந்தால் கடுமை, செய்வதன் பலன், செய்யவிடாத தடை என்று பிரித்துப் பார்ப்பார்கள். ஹெராயின் என்றால் "எனக்கு ஆபத்து" என்பது எவனுக்கும் தெரியும். மாத்திரை அப்படி இல்லை. அது டாக்டர் எழுதியது, அட்டையில் கம்பெனி பெயர் இருக்கிறது, வீட்டில் பாட்டியும் போடுகிறார். கடுமை தெரியாமல் இல்லை, "எனக்கு வரும்" என்பதுதான் மனதில் ஏறவில்லை. மண்டை ஓடு ஏற்கெனவே தெரிந்ததை மேலும் கத்திச் சொல்கிறது.

உங்கள் மூன்றாவது வரைவு எனக்கு அதிகக் கவலை தருகிறது. அமெரிக்க நாடாளுமன்றம் 1998 முதல் 2004 வரை இளைஞர் போதை எதிர்ப்பு விளம்பரங்களுக்குக் கிட்டத்தட்ட 100 கோடி டாலர் கொடுத்தது. முக்கிய இலக்கு கஞ்சா. ராபர்ட் ஹார்னிக் குழு அதை மதிப்பிட்டு 2008இல் வெளியிட்டது. கஞ்சாப் பழக்கம் குறைந்ததாகத் தெரியவில்லை. விளம்பரத்தை அதிகம் பார்த்த பிள்ளைகளிடம் பின்னாளில் எதிர்விளைவு தென்பட்டதற்கும் சில சான்றுகள் இருந்தன. அவர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று: இத்தனை விளம்பரம் வருகிறது என்றால் எல்லோரும் இழுக்கிறார்கள் போலிருக்கிறது என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். "கூட்டம் கூட்டமாக" என்று நீங்கள் எழுதுவதும் அதே செய்திதான்.

கறார் | சனி, காலை 10:02

அலைவரிசை சொல்வதில் பாதியை ஏற்கிறேன், பாதியை ஏற்கவில்லை. "பயம் வேலைக்கு ஆகாது" என்று கருத்தரங்குகளில் எல்லோரும் சொல்கிறார்கள். சைக்கலாஜிகல் புல்லட்டின் இதழில் 2015இல் டானன்பாம் குழுவின் தொகுப்பாய்வு வந்தது. 127 கட்டுரைகள், 27,000க்கும் மேற்பட்டவர்கள். பயமூட்டும் செய்திகள் மனப்பான்மையையும் எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றுகின்றன என்பதே முடிவு. பொதுவாக எதிர்விளைவும் காணப்படவில்லை.

நம் நாட்டிலேயே பாருங்கள். 2016 முதல் சிகரெட் பெட்டியில் 85% இடத்தைப் புற்றுநோய்ப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது தேவையில்லை என்பீர்களா? எங்கள் தெருவில் ஒரு பையனின் சாவுக்குப் போய் வந்தவன் நான். அவன் வயதுப் பையன்கள் அன்று ராத்திரி பயந்தார்கள். அந்தப் பயத்தை வீணாக்கச் சொல்கிறீர்களா?

அலைவரிசை | சனி, பகல் 12:40

கறார், அந்தத் தொகுப்பாய்வு எனக்கும் தெரியும், நல்ல ஆய்வு. அதிலேயே இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. "இதை உன்னால் செய்ய முடியும்" என்ற பகுதியைச் சேர்த்தபோது விளைவு கூடியது. ஒருமுறை செய்தால் போதும் என்ற செயலுக்கு, தொடர்ந்து செய்ய வேண்டிய செயலைவிடப் பயம் நன்றாக உதவியது. ஊசி போட்டுக்கொள்வது ஒருமுறை. நண்பர்கள் நீட்டும்போது மறுப்பது வாரம் முழுக்க.

சிகரெட் பெட்டியைச் சொன்னீர்கள். 2018 செப்டம்பரிலிருந்து அதே பெட்டியில் "இன்றே நிறுத்துங்கள், அழையுங்கள்" என்று இலவச உதவி எண்ணும் இருக்கிறது. அது சேர்ந்ததைத்தான் நான் பெரிய முன்னேற்றம் என்பேன். படம் பயத்தைத் தருகிறது, எண் வழியைத் தருகிறது.

அமெரிக்காவில் 2018இல் ட்ரூத் என்ற புகையிலை எதிர்ப்பு அமைப்பும் அரசும் சேர்ந்து ஓபியாய்டு எனும் அபின் வகை வலி மருந்துகளுக்கு எதிராக வெளியிட்ட விளம்பரங்களில், மாத்திரைச் சீட்டு கிடைப்பதற்காக இளைஞர்கள் தங்கள் உடலைத் தாங்களே காயப்படுத்திக்கொள்வதைக் காட்டினார்கள். உண்மைச் சம்பவங்களை ஒட்டி எடுத்தவை. பார்த்தால் மறக்க முடியாது. ஆனால் அதைப் பார்க்கும் பதினெட்டு வயதுப் பையன் அடுத்த நிமிடம் என்ன செய்ய வேண்டும்? அந்தக் காட்சிகளில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 'ஆர்எக்ஸ் அவேர்னஸ்' என்று ஒரு விழிப்புணர்வுப் பிரசாரத்தைத் தொடங்கியது. நடிகர்கள் இல்லை. மாத்திரையிலிருந்து மீண்டவர்களும் பிள்ளையை இழந்த பெற்றோரும் தாங்களே பேசினார்கள். சறுக்கல் முதுகு வலி, அறுவை சிகிச்சை, விபத்து என்று சாதாரணமாகத்தான் தொடங்கியது என்பது அவர்கள் வாயால் வந்தது. "எனக்கும் வரலாம்" என்ற எண்ணம் அப்படித்தான் நுழையும். உங்கள் தெருப் பையன்களின் பயத்தை வீணாக்க வேண்டாம். பயந்த அந்த இரவில் அவர்கள் கையில் கொடுக்க ஒரு வழி இருக்க வேண்டும் என்கிறேன்.

குப்பிளான் வாத்தி | சனி, மாலை 5:15

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். எங்கட பக்கமும் இதே பிரச்சினைதான். இஞ்ச பிரிகபலின் குளிசை. நரம்பு வருத்தத்துக்குக் குடுக்கிற குளிசை, பெடியள் வேற தேவைக்குப் பாவிக்கினம்.

அலைவரிசை சொன்ன "எல்லாரும் பாவிக்கினம்" எண்ட விசயத்தைப் பற்றி நான் கண்டதைச் சொல்லுறன். எங்கட பள்ளிக்கூடத்தில உயர்தரப் பிள்ளையளிட்ட, பேர் எழுதாமல் ஒரு துண்டில ரெண்டு கேள்விக்கு மறுமொழி எழுதச் சொன்னன். நீ பாவிச்சிருக்கிறியா? உன்ர வகுப்பில எத்தினை பேர் பாவிப்பினம் எண்டு நினைக்கிறாய்? முதல் கேள்விக்கு "இல்லை" எண்டு எழுதின பிள்ளையளே ரெண்டாவதுக்கு "அரைவாசிப்பேர்", "கனபேர்" எண்டு எழுதியிருந்தினம். தான் ஒருத்தன்தான் பாவிக்காத ஆள் எண்டு ஒவ்வொருத்தனும் நினைச்சுக்கொண்டிருக்கிறான். நாங்கள் காலைப் பிரார்த்தனையில "இளைய சமுதாயம் அழியுது" எண்டு பேசிப் பேசித்தான் அந்த நினைப்பை வளர்த்திருக்கிறம் எண்டு எனக்குப் படுது.

பிறகு அந்தத் துண்டுகளின்ர முடிவை வகுப்பில கரும்பலகையில எழுதிக் காட்டினன். கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்லை. பிறகு ஒரு பெடியன் கேட்டான், "அப்ப சேர், மாட்டன் எண்டு சொன்னால் என்னை ஒதுக்க மாட்டினமோ?" அவனுக்குத் தேவைப்பட்டது அதுதான்.

அலைவரிசை | சனி, மாலை 6:30

வாத்தியார், நீங்கள் செய்ததைத்தான் பெர்கின்சும் பெர்கோவிட்சும் 1986இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் மதுப் பழக்கத்தில் கண்டு எழுதினார்கள். மற்றவர்கள் குடிப்பதை மாணவர்கள் மிகைப்படுத்தியே கணக்கிட்டார்கள். சமூக நெறி அணுகுமுறை என்று இப்போது சொல்வது அங்கிருந்து வளர்ந்தது. ஒரு எச்சரிக்கை மட்டும். உண்மையான எண்ணிக்கை கையில் இருந்தால்தான் "பெரும்பாலோர் எடுப்பதில்லை" என்று எழுதலாம். இல்லாத எண்ணை எழுதினால் ஒரே வாரத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்தியாவுக்கு 2019இல் எய்ம்ஸ் தேசிய மருந்துச் சார்பு சிகிச்சை மையம் நடத்திய கணக்கெடுப்பின் முடிவு வந்திருக்கிறது. 10 முதல் 75 வயது வரையானவர்களில் மருந்து வகை ஓபியாய்டுகளை எடுப்பவர்கள் 0.96%. மருத்துவத் தேவைக்கு வெளியே தூக்க, மயக்க மருந்து எடுப்பவர்கள் 1.08%. சதவீதம் சின்னது, ஆள் கணக்கில் ஒவ்வொன்றும் ஒரு கோடி அளவு. ஒரே புள்ளிவிவரத்தைக் கொண்டு "நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் எடுப்பதில்லை" என்றும் எழுதலாம், "ஒரு கோடிப் பேர் சிக்கியிருக்கிறார்கள்" என்றும் எழுதலாம். முதலாவது மாணவனுக்கு, இரண்டாவது அதிகாரிக்கு.

வலிதணிப்புச் செவிலி | ஞாயிறு, காலை 6:50

இரவுப் பணி முடிந்து வந்து படித்தேன். ஒன்று கேட்டுக்கொள்கிறேன், இதை விட்டுவிடாதீர்கள்.

நான் புற்றுநோயாளிகளின் வீடுகளுக்குப் போய் வலி பார்ப்பவள். போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர். எலும்புக்குப் பரவிவிட்டது. மார்ஃபின் கொடுத்தால் தூங்குவார், கொடுக்காவிட்டால் சுவரைப் பிறாண்டுவார். அவருடைய மகன் மருந்தைப் பூட்டி வைத்துவிட்டார். கேட்டால், "போதை மருந்துன்னு போர்டுல போட்டிருக்கே சிஸ்டர், அப்பாவை அடிமையாக்கிட்டுப் போகவா?" என்றார். நான் அன்று முழுக்க உட்கார்ந்து பேசி அந்தப் பூட்டைத் திறக்க வைத்தேன். எல்லா வீட்டிலும் அப்படித் திறப்பதில்லை.

வலியில் சாகிறவர்களுக்கு மருந்து கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தினார்கள். மார்ஃபின் போன்றவற்றை வைத்துக்கொள்ள அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளுக்கு வழி எளிதானது. சட்டம் திறந்த கதவை உங்கள் சுவரொட்டி மூடிவிடக் கூடாது. "வலி மாத்திரை விஷம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். "உங்களுக்கு எழுதியது, எழுதிய அளவில், எழுதிய நாள்வரை. பிறருக்கு இல்லை" என்று எழுதினால் என் நோயாளியும் பிழைப்பார், பக்கத்து வீட்டுப் பையனும் பிழைப்பான்.

இன்னொன்று. ஏற்கெனவே பல மாதமாக எடுத்துக்கொண்டிருப்பவரிடம் "இன்றே நிறுத்து" என்று சொல்வது ஆபத்து. தூக்க மாத்திரை வகையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், அதை டாக்டர்தான் செய்ய வேண்டும்.

தேனிக்காரி | ஞாயிறு, காலை 11:20

நான் இங்கே எழுதுவது குறைவு. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மகன் பைக்கிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. டாக்டர் கொடுத்த வலி மாத்திரை நிறைய மிச்சம். ஃப்ரிட்ஜ் மேல் ஒரு கவரில் போட்டு வைத்திருந்தேன், யாருக்காவது உதவும் என்று. நம் வீடுகளில் மருந்தை எறிய மனசு வராது, காசு கொடுத்து வாங்கியது. அந்தக் கவரிலிருந்துதான் தொடங்கியது என்று அவனே பிறகு சொன்னான். அவன் கூட்டாளிக்கும் அதிலிருந்துதான் போயிருக்கிறது.

தெரிந்த பிறகு எனக்கு மாதக்கணக்கில் தூக்கம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் பெரிய பலகை இருந்தது. போதை அழிவு, போதை சாவு. கீழே தகவல் கொடுக்கச் சொல்லி போலீஸ் எண். நான் என் பிள்ளையைப் போலீசில் பிடித்துக் கொடுக்கவா? அந்தப் பலகையைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனேன். எங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கடைசியில் அரசு மருத்துவமனையில் வேறு வேலையாகப் போனபோது அங்கே மனநலப் பிரிவு இருப்பதைப் பார்த்து, நானாகப் போய்க் கேட்டேன். அந்த டாக்டர் முதலில் சொன்னது, "நல்ல நேரத்துல வந்தீங்கம்மா, உட்காருங்க." இப்போது அவன் வேலைக்குப் போகிறான்.

பெற்றோரே விழித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. நாங்கள் விழித்துத்தான் கிடக்கிறோம். எங்கே போக வேண்டும் என்று எழுதுங்கள்.

கறார் | ஞாயிறு, பகல் 1:05

அம்மா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. நான்காவது வரைவைப் பற்றி இனி யாரும் பேச வேண்டியதில்லை.

சட்டத்தைப் பற்றி இங்கே படிப்பவர்களுக்கு ஒரு செய்தி. போதைப்பொருள் சட்டத்தின் 64அ பிரிவு, பழக்கத்துக்கு ஆளானவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், பயன்படுத்தியது, சிறு அளவு வைத்திருந்தது ஆகிய குற்றங்களுக்கு வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும். பெரிய அளவில் விற்றவனுக்கு இது பொருந்தாது. சிகிச்சைக்குப் போனால் கைது செய்வார்கள் என்ற பயத்திலேயே பல குடும்பங்கள் வீட்டுக்குள் பூட்டி வைக்கின்றன. நலநம்பிக்கை மாதிரியில் தடை என்று சொன்னீர்களே, அலைவரிசை, இதைவிடப் பெரிய தடை எனக்குத் தெரியவில்லை.

அலைவரிசை | ஞாயிறு, மாலை 4:45

தேனி அக்கா எழுதியதில் நான் சொல்ல வந்த எல்லாமே இருக்கிறது. மூன்று குறிப்புகளை மட்டும் சேர்க்கிறேன்.

அந்தக் கவர். அமெரிக்காவின் தேசியக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும், வலி மாத்திரையைத் தவறாக எடுத்தவர்களிடம் கடைசியாக எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கிறது. பெரும் பங்கு நண்பர், உறவினர் வழியாகத்தான். அதனால்தான் 2010 செப்டம்பரில் மிச்ச மருந்தைத் திருப்பிக் கொடுக்கும் நாளை அங்கே தொடங்கினார்கள், ஏப்ரலிலும் அக்டோபரிலும் இன்றும் நடக்கிறது. நான் முன்பு சொன்ன "ஒருமுறை செயல்" இதுதான். போதையை மறுப்பது தினசரிப் போராட்டம், அலமாரியைக் காலி செய்வது அரை மணி நேர வேலை. அதைச் செய்ய வேண்டியவர் பையன் அல்ல, வீட்டுப் பெரியவர். எனவே முதல் செய்தியை அவருக்கு எழுதுங்கள்.

இரண்டாவது, யாரிடம் பேசுகிறோம் என்பது. புரோச்சாஸ்கா, டிகிளமென்டி இருவரும் 1983இல் புகைப் பழக்கத்தை விட முயன்றவர்களைக் கவனித்து எழுதிய மாற்றப் படிநிலைகளைப் பலர் குறை சொல்கிறார்கள். படிகள் அத்தனை துல்லியமாக இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் சுவரொட்டி எழுதுபவனுக்கு அது ஒரு கேள்வியைக் கொடுக்கிறது: தொட்டே பார்க்காதவன், எப்போதாவது போடுபவன், விட நினைப்பவன், மூவருக்கும் ஒரே வாசகமா? செவிலி சகோதரி சொன்ன வலிப்பு அபாயம் இந்தக் கேள்விக்கு உயிர்ப் பிரச்சினை என்ற கனத்தைத் தருகிறது.

மூன்றாவது, மருந்து எழுதுபவர்கள். 2018இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு. கலிஃபோர்னியாவின் சான் டியேகோ மாவட்டத்தில் மருந்து அளவு மிஞ்சியதால் இறந்த 170 பேரின் கணக்கை எடுத்தார்கள். அவர்களுக்கு மருந்து எழுதியிருந்த 861 மருத்துவர்களும் பிறரும் ஆய்வில் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் சாவுக்குக் காரணம் கண்டறியும் மாவட்ட மருத்துவப் பரிசோதகரிடமிருந்து ஒரு கடிதம் போனது. குற்றச்சாட்டு இல்லை. உங்கள் நோயாளி இறந்துவிட்டார் என்ற செய்தி, கூடவே பாதுகாப்பாக எழுதுவதற்கான வழிகள். அடுத்த மூன்று மாதங்களில் அவர்கள் எழுதிய ஓபியாய்டு அளவு 9.7% குறைந்தது. நெருங்கி வந்த ஆபத்தும் செய்யக்கூடிய வழியும் ஒரே கடிதத்தில் இருந்தன. உங்கள் ஊரில் எலும்பு டாக்டர்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். சுவரொட்டிச் செலவில் ஒரு பங்கை எடுத்து அவர்களை நேரில் பாருங்கள். "எத்தனை நாளைக்கு எழுதுகிறீர்கள்?" என்று கேளுங்கள்.

மருந்துக்கடை மலர் | ஞாயிறு, இரவு 8:15

மிச்ச மாத்திரையை என்ன செய்வது என்பதற்கு நான் பதில் சொல்கிறேன், கடையில் தினம் கேட்கிறார்கள். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. பிறர் கையில் போனால் உயிருக்கே ஆபத்தான 17 மருந்துகளைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் விடச் சொல்கிறது. டிரமடால், டேபண்டடால், டயஸிபம் எல்லாம் அதில் உண்டு. மற்றவற்றைக் கழிவறையில் போடக் கூடாது. கேரளத்தில் 2025இல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே கோழிக்கோட்டில் வீடுகளிலிருந்து பழைய மருந்தைச் சேகரிக்கத் தொடங்கியது. நம் பக்கம் அப்படி வரும்வரை, சந்தேகம் இருந்தால் அட்டையோடு மருந்தாளுநரிடம் காட்டிக் கேளுங்கள் என்று போடுங்கள். பெயர்களை இங்கே எழுதிவிட்டேன், சுவரில் வேண்டாம்.

கீழவாசல் | திங்கள், இரவு 10:30

மாணவர்களோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்தோம். மண்டை ஓடும் சிரிஞ்சும் போய்விட்டன. இப்போதைய வடிவம்:

வீட்டுக்கு (ரேஷன் கடை, அரசு மருத்துவமனை மருந்து வாங்கும் இடம்): "விபத்துக்கோ ஆபரேஷனுக்கோ கொடுத்த வலி மாத்திரை, தூக்க மாத்திரை வீட்டில் மிச்சம் இருக்கிறதா? இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்து எண்ணிப் பாருங்கள். தேவையில்லாததை நாளைக்கு மருந்துக்கடைக்கு எடுத்துப் போய், எப்படி அழிப்பது என்று கேளுங்கள். தேவைப்படுவதைப் பூட்டி வையுங்கள்."

மாணவனுக்கு (விடுதி, டீக்கடை): படத்தில் ஒருவன் மாத்திரையை நீட்டுகிறான், மற்றவன் அவன் தோளில் கை போட்டிருக்கிறான். "வேணாம்டா. வா, டீ அடிக்கலாம்." கீழே சின்ன எழுத்தில்: "டாக்டர் வேறொருவருக்கு எழுதியது. உனக்கு இல்லை." எங்கள் கல்லூரியில் வாத்தியார் சொன்ன மாதிரி துண்டுச் சீட்டு எடுத்து, உண்மையான எண் வந்தால் அதையும் சேர்ப்போம்.

எடுத்துக்கொண்டிருப்பவருக்கும் குடும்பத்துக்கும் (பஸ் ஸ்டாண்ட்): "மாத்திரை இல்லாமல் தூக்கம் வரவில்லையா? உடம்பு நடுங்குகிறதா? நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்குப் பேசுங்கள், கட்டணம் இல்லை. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வாருங்கள். சிகிச்சைக்கு வருபவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு." மருத்துவமனைக்குப் போகும் வழி, அறை எண், புறநோயாளி நேரம் எல்லாம் கேட்டு வந்து போடுவோம்.

எலும்பு டாக்டர்களைப் பார்க்கப் பேராசிரியரே வருகிறேன் என்றார்.

வலிதணிப்புச் செவிலி | செவ்வாய், காலை 7:05

முதல் அட்டையில் ஒரு வரி சேருங்கள்: "நோயாளி இப்போது எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தை டாக்டரைக் கேட்காமல் எறியவோ நிறுத்தவோ வேண்டாம்." மற்றபடி எனக்கு நிம்மதி.

அலைவரிசை | செவ்வாய், காலை 7:50

அச்சடிக்கும் முன் ஒவ்வொன்றையும் அந்தந்த ஆளிடம் காட்டுங்கள். வீட்டு அட்டையை ரேஷன் வரிசையில் நிற்கும் ஒரு பாட்டியிடம், மாணவர் அட்டையை விடுதியில். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லா இருக்கு என்பார்கள். "இதைப் படிச்சா நாளைக்கு என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில் அட்டையில் நீங்கள் எழுதிய செயலோடு ஒத்துப்போகாவிட்டால் வாசகத்தை மாற்றுங்கள். தேனி அக்கா சம்மதித்தால் மூன்றாவதை முதலில் அவர் பார்க்கட்டும்.

தேனிக்காரி | செவ்வாய், பகல் 2:10

பார்த்தேன். "வாருங்கள்" என்று இருப்பது நல்லது. "அம்மா, அப்பா மட்டும் முதலில் தனியாக வந்தும் டாக்டரிடம் பேசலாம்" என்று சேர்க்க முடியுமா? பிள்ளை வரமாட்டேன் என்பான். நான் முதல் தடவை தனியாகத்தான் போனேன்.

கீழவாசல் | செவ்வாய், பகல் 2:35

சேர்த்துவிட்டோம் அக்கா, இரண்டாவது வரியாக. மலர் அக்கா, உங்கள் கவுண்டர் அட்டைக்கு என்ன வாசகம் வேண்டும்?

மருந்துக்கடை மலர் | செவ்வாய், இரவு 9:55

"சீட்டு இல்லாமல் இந்த மருந்தை நான் கொடுத்தால் என் லைசென்ஸ் போய்விடும். டாக்டரைப் பாருங்கள், சீட்டோடு வாருங்கள்." இவ்வளவு போதும். கடைப் பொண்ணு வாயால் சொல்ல வேண்டாம், விரலால் காட்டினால் போதும். கீழே 14446 பெரிய எழுத்தில் வரட்டும். ஏ4 அளவில் லேமினேட் செய்து அனுப்புங்கள், எங்கள் சங்கக் கூட்டத்தில் மற்றக் கடைக்காரர்களுக்கும் கொடுக்கிறேன். லேமினேட் செலவு என்னுடையது.